பட்டன் இன்னும் ஆறு மில்லி இருக்குதுங்க

சித்தெ அக்கட்ட நகந்து உக்காருங்க தம்பி. பையைக் கீழ வெச்சா மேல கால் வெச்சிருவாங்க, மடியிலயே வெச்சுக்கறேன். மலைப்பூண்டுங்க. புள்ள பெத்தவளுக்குக் கொண்டுபோறேன். நான் சித்தோடு வரைக்கும். நீங்க ஈரோடுங்களா? சரி சரி.

கையில கார் சாவியாட்டம் இருக்குது. வண்டியை சர்வீஸுக்கு விட்டுட்டு வர்றீங்களா? அப்ப சரியான ஆளுகிட்டத்தான் வந்து உக்காந்திருக்கறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மனசுல படறதைச் சொல்லுங்க. டயரை எப்ப மாத்தோணும்? அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாத்தறீங்களா. ஏனுங்க? ரோட்டுல தேயுமே, அந்த டயர் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்துச்சுன்னு அளந்து பாத்தீங்களா? இல்லை. பாருங்க, ஊரே இப்படித்தான் இருக்குது. ஒருத்தரும் அளக்கறதே இல்லை. எவனாவது மாத்துன்னா மாத்திக்கறது.

எம் பேரு நாச்சிமுத்துங்க. கோபி தாலூகா ஆபீசுல சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவன். சங்கிலி புடிச்சு அளந்த காலத்துல இருந்து மிஷின் வெச்சு அளந்த காலம் வரைக்கும் முப்பத்திரண்டு வருசம். வரப்புத் தகராறுல ரெண்டு பங்காளியும் மம்பட்டியோட நிப்பாங்க. நான் அளந்து கல்லு நட்டுட்டா வாயை மூடிக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. கண்ணு ஏமாத்தும், வாயி ஏமாத்தும், அளவு ஏமாத்தாது. சில பேரு பழைய வரைபட நகலைக் கொண்டாந்து நீட்டுவாங்க. மடிப்புக்கூடக் கலையாம புதுசாட்டம் இருக்கும். காகிதத்தைப் பாக்காதய்யா, தேதியைப் பாரு, இது எப்பவோ காலாவதியாகிப்போச்சுன்னு திருப்பி அனுப்பிருவேன். அவ்வளவு கறார். அப்படிப்பட்ட ஆளு ஒரு டயர் விஷயத்துல ஏமாறுவனா? நீங்களே சொல்லுங்க.

வண்டி வாங்கிப் பன்னெண்டு வருசம் ஆச்சுங்க. வெள்ளைக் காரு. இன்னும் இருபத்தாறாயிரம் கிலோமீட்டர்கூட முழுசா ஓடலை. கல்யாணம் காச்சி, கோயில், மாசம் ஒருக்கா பேங்கு, அவ்வளவுதான். மத்த நாளெல்லாம் செட்டுக்குள்ள உறை போட்டு நிக்கும். டயர் நாலும் வண்டியோட வந்ததுதான். ஒவ்வொரு அமாவாசைக்கும் கழுவி, செக்குல ஆட்டுன விளக்கெண்ணெயைத் துணியில தொட்டு நாலு டயருக்கும் சுத்திப் பூசி ஊறவிடுவேன். கடையில விக்கற பாலீஷ் எல்லாம் நான் வாங்கறதில்லை, அதுல என்ன கலக்கறாங்களோ. மறுநாள் பாத்தா கழுவிவிட்ட எருமைக்கன்னாட்டம் மின்னும். ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தும்போது பக்கத்து வீட்டுக்காரரு, என்னங்க போன வாரந்தான் புது டயர் போட்டீங்களான்னு கேப்பாரு. ஒவ்வொரு வருசமும் கேப்பாருங்க.

என் சம்சாரம் துளசிமணி மட்டும் ஏதாவது சொல்லிட்டு இருப்பா. கெளம்புன ஒடனே ரெண்டு மைலுக்கு ஸ்டியரிங்கு உதறுதும்பா. ஒரே எடத்துல நின்ன வண்டி, சோம்பல் முறிக்குது, சித்தெ நேரத்துல சரியாயிரும்னு சொல்லுவேன். சரியாத்தான் ஆகும். அவளுக்கு எதுக்கெடுத்தாலும் வெசனம்.

போன வருசம் பின்னாடி டயர் ஒண்ணு காத்து எறங்குச்சு. மார்க்கெட் பக்கம் அலாவுதீன் பாய்னு பஞ்சர் கடை வெச்சிருக்கறாரு. இருபது வருசப் பழக்கம். டயரைக் கழட்டி ஓரத்தைக் கட்டைவெரல்ல அமுத்திப் பாத்தாரு. தண்ணியில முக்கக்கூட இல்லைங்க. ஒட்டமாட்டேன்னுட்டாரு. ரப்பர் செத்துப்போச்சுங்கண்ணா, பட்டனைப் பாக்காதீங்க, ஓரத்துல வெடிச்சிருக்கறதைப் பாருங்க, எண்ணெய் வேற பூசி இருக்கறதையும் கெடுத்து வெச்சிருக்கறீங்கன்னு சொல்றாரு. எனக்கு எப்படி இருக்கும்? பாக்கெட்டுல எப்பவும் சின்ன ஸ்கேல் ஒண்ணு வெச்சிருப்பேன். எடுத்து அவரு முன்னாலயே பட்டன் நடுவுல விட்டு அளந்தேன். ஆறு மில்லி. புது டயருக்கே எட்டுத்தான். சட்டம் என்ன சொல்லுது? ஒண்ணு புள்ளி ஆறுக்குக் கீழ போனாத்தான் மாத்தோணும்ங்குது. ஆறு எங்க, ஒண்ணு புள்ளி ஆறு எங்க. பாய் டயரைத் திருப்பி மாட்டிக் குடுத்துட்டு, வேற கடையில ஒட்டிக்குங்க, என் கையால வேண்டாம்னாரு. ஒட்டிக்கிட்டேன். புது டயர் வித்தா நாலு காசு நிக்கும்னு பாத்திருப்பாருன்னு அப்ப நெனச்சேன்.

ரப்பருக்கு வயசாகுதாம். எனக்குந்தான் அறுபத்திமூணு ஆச்சு. என்னைக் கழட்டிப் போட்டுட்டாங்களா?

சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது மாப்பிள்ளை கதை.

எனக்கு ஒரே பொண்ணு, சிந்துஜா. சித்தோட்டுல குடுத்திருக்கறேன். மாப்பிள்ளை பேரு லோகநாதன். மில்லுல வேலை. ஆளுகளை ஏத்திட்டுப் போற பஸ்ஸு, வேனு எல்லாம் அவரு பொறுப்பு. குடி இல்லை, சீட்டு இல்லை. அதிர்ந்து பேசமாட்டாரு. குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமே கிடைக்காதுங்க. அந்த மாதிரி ஆளுககூடச் சண்டை போடறது ரொம்பக் கஷ்டம், உங்களுக்குத் தெரியாது.

சித்திரைக் கடைசியில கட்டுச்சோறு வெச்சோம். மத்த பக்கம் வளைகாப்பும்பாங்க. எங்களுக்கு, மாசமா இருக்கற பொண்ணுக்கு அப்பன் வீட்டுல இருந்து வகை வகையாச் சோறு கட்டி எடுத்துட்டுப் போயி, ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் போட்டு, வளையல் போட்டு, பொண்ணைப் பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். பிரசவம் எங்க வீட்டுலதான். தலைப்பிரசவம் பாக்கறது அப்பன் கடமைங்க. ஒன்பது வகைச் சோறு. துளசிமணி ராவோட ராவா எந்திரிச்சு ஆக்குனா. ஒறம்பரையெல்லாம் வேன்ல வந்தாங்க. நானும் அவளும் நம்ம வண்டியில. பின்சீட்டுல எடதுபக்கம் புள்ள சாஞ்சுக்கறதுக்கு இலவம்பஞ்சுல ரெண்டு தலகாணி தைச்சு வெச்சிருந்தா. மொத நாளே விளக்கெண்ணெய் பூசிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, வண்டி கல்யாணப் பொண்ணாட்டம் இருந்துச்சு.

எல்லாம் நல்லபடியா நடந்துச்சுங்க. சாப்பாடு ஆச்சு, வளையல் ஆச்சு. ராகு காலத்துக்கு முன்னாடி கெளம்பிரோணும்னு எல்லாரும் வாசலுக்கு வந்தாச்சு. புள்ள ரெண்டு கையும் வளையலா, மடியில வெத்தலை பாக்கோட வர்றா. நான் பின்கதவைத் தொறந்து புடிச்சுட்டு நிக்கறேன். அப்ப மாப்பிள்ளை வந்தாரு. வந்தவரு பொண்ணைப் பாக்கலை, என்னைப் பாக்கலை, நேரா பின்சக்கரத்துக்கிட்டக் குத்தவெச்சு உக்காந்தாரு. ஐம்பது பேரு பாத்துட்டு இருக்கறாங்க. கைக்குட்டையை எடுத்து டயர் ஓரத்துல இருந்த எண்ணெயைத் தொடைச்சாரு. நான் ஆசையா பூசுன எண்ணெயைங்க. தொடைச்சுட்டு, அதுல நாலு நம்பரு இருக்கும், அதைப் படிச்சாரு.

"மாமா, பதினெட்டாவது வாரம், ரெண்டாயிரத்துப் பதிமூணு. இது செஞ்சு பன்னெண்டு வருசம் ஆச்சுங்க. ஓரமெல்லாம் வெடிச்சிருக்குது. இதுல சிந்துவை அனுப்பறதுக்கு எனக்கு மனசு வரலைங்க. என் வண்டியை எடுத்துக்குங்க, நானே ஓட்டிட்டு வர்றேன்."

சத்தமாச் சொல்லலை. அதுதாங்க எனக்கு இன்னும் எரியுது. சத்தமாச் சொல்லியிருந்தா, நானும் ரெண்டு சத்தம் போட்டிருப்பேன், நாலு பேரு சமாதானம் பண்ணியிருப்பாங்க. அவரு குத்தவெச்சுக்கிட்டு, வைத்தியரு நோயாளிகிட்டச் சொல்றாப்புல சொல்றாரு. நான் ஸ்கேலை எடுத்தேன். எல்லாருக்கும் தெரியற மாதிரி அளந்து காமிச்சேன். ஆறு மில்லி. அவங்க சித்தப்பாரு ஒருத்தரு, ஆமா பட்டன் நெறைய இருக்குதேன்னு எனக்குச் சாதகமாச் சொன்னாரு. மாப்பிள்ளை எந்திரிச்சுக் கையைத் தொடைச்சுக்கிட்டு, பட்டன் இருக்குதுங்க மாமா, நான் இல்லைன்னு சொல்லலை, ரப்பர்தான் இல்லைன்னாரு.

பொண்ணை அனுப்பலைங்க. அவ்வளவுதான். கட்டுச்சோறு ஆக்கிப் போட்ட அப்பனை வெறுங்கையோட அனுப்பிட்டாங்க.

நானா? நான் என்ன சொன்னேன். ஒண்ணும் பெருசாச் சொல்லலைங்க. கோவத்துல ஒரு வார்த்தை வந்திருக்கும். என் வண்டியில வர மாட்டாதவ என் வீட்டுக்கும் வர வேண்டாம்னு சொன்னேன். யாரா இருந்தாலும் அந்த எடத்துல அதைத்தானே சொல்லுவாங்க? புள்ளயையும் பாத்தேன், மாப்பிள்ளையையும் பாத்தேன். கதவைச் சாத்திட்டு வண்டியை எடுத்துட்டேன். துளசிமணி ஓடி வந்து முன்சீட்டுல ஏறுனா. கெளம்பும்போது கண்ணாடியில பாத்தேன், வெத்தலை பாக்கை மடியில கட்டிக்கிட்டு அங்கயேதான் நின்னுட்டு இருந்தா. அழுதாளான்னு தெரியலை.

தண்ணி இருக்குதுங்களா தம்பி? இல்லை, பரவால்லை, ஒரு வாய் போதும்.

அப்பறம் வர்ற வழியில சின்னதா ஒண்ணு ஆச்சுங்க. கவுந்தப்பாடி தாண்டி... இருங்க, அந்த எடம் இப்ப வரும், காமிக்கறேன். மத்தியானம் ரெண்டு மணி வெயில். நான் கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன், மனசு சரியில்லை பாருங்க. பின்னாடி எடதுபக்கம் வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரே இழுப்பா இழுத்து, அரை வட்டம் சுத்தி, பக்கவாட்டுல போயி புளியமரத்துல சாத்திருச்சு. என் கை மட்டும் அன்னைக்கு ஸ்டியரிங்குல பதறியிருந்தா நாங்க ரெண்டு பேரும் இல்லைங்க. அந்த அளவுக்குச் சாமர்த்தியமாப் புடிச்சேன். துளசிமணிக்குக் கையை முன்னாடி ஊனுனதுல மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சு. எனக்கு ஒரு கீறல் இல்லை. ரோட்டுல ஏதோ கூர்க்கல்லு கெடந்திருக்கோணும். ஆணியா இருக்கலாம். டயருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

எப்படிச் சொல்றீங்கன்னு கேப்பீங்க. அளந்து பாத்தனுங்க. எறங்குன ஒடனே, பிஞ்சு கெடந்த டயர்த் துண்டை எடுத்து, அங்கயே ரோட்டோரத்துல வெச்சு அளந்தேன். ரெண்டு எடத்துல அளந்தேன். ஆறு மில்லி குறையாம இருந்துச்சு. தேஞ்சிருந்தா வெடிக்கலாம். தேயாத டயர் எப்படிங்க வெடிக்கும்? கல்லுதான். அளந்துட்டு நிமிந்து பாக்கறேன், துளசிமணி வாய்க்கால் கரையில உக்காந்து ஒரு கையால இன்னொரு கையைப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருக்கறா. கரும்பு லாரிக்காரரு ஒருத்தரு நிறுத்தி, ஏனுங்க அந்தம்மாவுக்கு அடிபட்டிருக்குது, நீங்க என்ன பண்ணிட்டு இருக்கறீங்கன்னு சத்தம் போட்டாரு. அவருதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. நல்ல மனுசன், பேரு கேக்காம விட்டுட்டேன்.

இதோ, இதோ, இந்தப் பக்கம் பாருங்க. ரெண்டாவது மரம். பட்டை உரிஞ்சிருக்குது பாருங்க. பின்கதவு பட்ட எடம். கதவு அப்படியே உள்ள மடங்கி சீட்டு வரைக்கும் வந்துருச்சு. தலகாணி ரெண்டும் பிஞ்சு வண்டிக்குள்ள பூராப் பஞ்சு.

ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போடற வரைக்கும் அவ வாயே தொறக்கலை. கட்டு காயட்டும்னு வெளிய பெஞ்சுல உக்கார வெச்சாங்க. அப்ப ஒரே ஒருக்கா பேசுனா.

"ஏனுங்க, நீங்க அந்த வார்த்தை சொன்னதுதான் நம்ம புள்ளயக் காப்பாத்துச்சு."

பாராட்டறாளா, திட்டறாளான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலைங்க. என்னடி சொல்றேன்னு கேட்டேன். கட்டைத் தடவிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அதுக்கப்பறம் சாப்பாடு வெக்கட்டுமா, மருந்து எங்க, அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு. நாப்பது நாள் கட்டோட ஒத்தக் கையில சோறாக்கிப் போட்டா. கோவம்னா கோவம்னு சொல்லலாமில்ல? சண்டை போடலாமில்ல? அந்த வீட்டுக்குள்ள இருந்து பாத்தாத் தெரியும் தம்பி. ரெண்டு சண்டைக்காரப் பங்காளிக நடுவுல நின்னவன் நான், எனக்கு அந்த அமைதியில நிக்க முடியலை.

பொண்ணுகிட்டச் சொல்லலைங்க. எப்படிச் சொல்றது? மாசமா இருக்கறவ, பயந்துக்குவா. தொவைக்கற கல்லுகிட்ட வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிக்கலாம்னு நான்தான் சொன்னேன். போன்ல புள்ள கேக்கும்போது, ஆமா சாமி, வழுக்கிருச்சுன்னு துளசிமணி சொன்னா. அவ பொய் பேசி நான் கேட்டதில்லைங்க. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. ஆனா மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? கல்லுன்னு சொன்னா நம்புவாரா? ஐம்பது பேரு முன்னாடி அவரு சொன்னது பலிச்சுருச்சுன்னு ஆகிப்போகும்.

வண்டியைப் பவானியில குடுத்து அடிச்சு நிமித்தினேன். கோபியில குடுத்தா ஊருக்கே தெரிஞ்சிரும். வெடிச்ச டயருக்குப் பதிலா ஒண்ணு புதுசு போட்டேன். மத்த மூணும் நல்லாத்தானே இருக்குது, எதுக்கு மாத்தறது. ஆனியில ஒரு நாள் மாப்பிள்ளை திடீர்னு வந்து நின்னாரு. அத்தை கை எப்படி இருக்குதுன்னு பாக்க வந்தேன்னாரு. வண்டி செட்டுக்குள்ள உறையில்லாம நின்னுட்டு இருந்துச்சு. பின்கதவுல அடிச்ச புதுப் பெயிண்டு பழசோட ஒத்துவரலை, மூணு டயர் பழசு ஒண்ணு புதுசு. அவரு அந்தப் பக்கம் ஒரு நிமிசம் நின்னாரு. அப்பறம் உள்ள வந்து காப்பி குடிச்சாரு, அத்தை கையைப் பாத்தாரு, வெயில் ஜாஸ்தியா இருக்குதுன்னாரு, போயிட்டாரு. ஒரு வார்த்தை கேக்கலை. அவரு கவனிக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன். மில்லு பஸ்ஸையே பாத்துப் பாத்து, காரைப் பத்தித் தெரியாமப் போச்சோ என்னமோ.

ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி புள்ளைக்குப் பிரசவம் ஆச்சு. சித்தோட்டுலயே. அப்பன் வீட்டுல ஆகவேண்டியது அங்க ஆச்சு. பொம்பளப் புள்ள. நல்ல எடை, நல்ல நெறம். கட்டு பிரிச்ச கையோட துளசிமணி அங்க போனவதான், ஒன்றரை மாசம் ஆகுது, இன்னும் வரலை. நான் ஆஸ்பத்திரிக்குப் போயி எட்டி நின்னு பாத்துட்டு வந்துட்டேன். தூக்கறீங்களான்னு யாரோ கேட்டாங்க. கை சுத்தமில்லைன்னேன். சுத்தமாத்தான் இருந்துச்சுங்க.

ஒன்றரை மாசமா நானே ஒரு தோசையோ, ரசமோ வெச்சுக்கறேன். பேசறதுக்கு ஆளில்லை. அதான் உங்ககிட்ட இவ்வளவு பேசறேன், தப்பா நெனைக்காதீங்க.

போன வாரம் புள்ளை போன் பண்ணுனா. அவளேதான். "அப்பா, வர்ற புதன்கிழமை நல்ல நாளா இருக்குது. நம்ம வண்டி எடுத்துட்டு வாங்க. நானும் பாப்பாவும் அம்மாவும் வர்றோம். உங்க வண்டியிலயே வர்றோம்ப்பா" அப்படிங்கறா. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன் பாருங்க, அப்படித்தான் மொதல்ல நெனச்சேன். ஒடனே கேட்டேன், மாப்பிள்ளை என்ன சொன்னாருன்னு. மறுபடியும் ஏதாவது சொன்னாருன்னா இந்தத் தடவை விடறதில்லைன்னு இருந்தேன். நாலு மாசமா மனசுக்குள்ள எவ்வளவு பேச்சுத் தயார் பண்ணி வெச்சிருக்கறேன் தெரியுங்களா?

"அவரு ஒண்ணும் சொல்லலைப்பா. மாமா டயரைப் பாத்துட்டு அவரே முடிவு பண்ணட்டும், அவரு சரின்னா எனக்குச் சரின்னாரு."

இது நியாயமா? நீங்க சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் வேணும்னு சொல்லியிருப்பேன். சக்கரத்துக்கிட்டக் குத்தவெச்சு அவரு மறுபடியும் படிச்சிருந்தா, நான் மறுபடியும் அளந்திருப்பேன். இப்படி மொத்தமா எம் மேல தூக்கிப் போட்டுட்டா நான் யாருகூடச் சண்டை போடறது?

இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சுட்டேன். வண்டியைக் கழுவுனேன். விளக்கெண்ணெய் பூசலை. ஏனோ பூசலைங்க. செட்டுல இருந்து வெளிய தள்ளி வெயில்ல நிறுத்துனேன். எண்ணெய் இல்லாம அந்த டயரை நான் பாத்து எத்தனை வருசம் ஆச்சுன்னு அப்பத்தான் தோணுச்சு. சாம்பல் பூத்துக் கெடக்குது. ஓரத்துல கோடு கோடா, மழை இல்லாத வருசத்துக் கொளத்துல மண்ணு வெடிக்குமே, அப்படி. கட்டைவெரல்ல அமுத்துனேன். கோடு வாயைத் தொறந்துச்சு. அளந்தேன். ஆறு மில்லி. அளந்து என்ன பண்றது.

பின்சீட்டுல பாய் விரிச்சு, மேல ஒரு பழைய வேட்டியை நாலா மடிச்சுப் போட்டேன், பாப்பாவைப் படுக்கவெக்க. எடதுபக்கம் போட்டேன். அப்பறம் எடுத்து வலதுபக்கம் போட்டேன். அப்பறம் நடுவுல. எங்க போட்டாலும் நாலு சக்கரத்துக்கு நடுவுலதானுங்களே. டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தேன், சாவியைப் போட்டேன். திருப்பலைங்க. அரை மணி நேரம் உக்காந்திருந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரரு எட்டிப் பாத்து, என்னங்க வண்டி ஸ்டார்ட் ஆகலைங்களான்னாரு. ஆமான்னேன். எறங்கி, வேட்டியை மடிச்சு வெச்சு, உறையை மாட்டி, பூண்டுப் பையை எடுத்துட்டு பஸ்ஸுக்கு வந்துட்டேன்.

மாத்தியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. ஒரு வாரம் டைம் இருந்துச்சே, மூணு டயரு தானேன்னு. மாத்தலாங்க. பணமா பெருசு? பென்சன் வருது. மாத்திட்டுப் போனா என்ன அர்த்தம்? அன்னைக்கு ஐம்பது பேரு முன்னாடி நான் சொன்னது தப்பு, புள்ளையை அந்த வார்த்தை சொல்லி நிக்க வெச்சுட்டு வந்தது தப்பு, துளசிமணி கையை ஒடைச்சது கல்லில்லை, அவளைப் பொய் சொல்ல வெச்சதும் நான்தான்னு எல்லாம் ஒண்ணொண்ணா வருதில்ல? மூணு டயர் மாத்தறதோட அது நிக்கறதில்லை தம்பி. எனக்குத் தெரியும்.

டயர் நல்லாத்தான் இருக்குதுங்க. நான் ஒருத்தன் மட்டும் போறதா இருந்தா இப்பக்கூட எடுத்துட்டுப் போயிருவேன். கைக்குழந்தை பாருங்க. அதான்.

சித்தோடு வந்துருச்சா? சரி தம்பி, சித்தெ வழி விடுங்க. வீட்டுல காரு சத்தம் கேக்குதான்னு வாசலைப் பாத்துட்டு இருப்பாங்க. பஸ்ஸுல வர்றேன்னு நான் யாருகிட்டயும் சொல்லலை. போனே பண்ணலை. என்ன சொல்றதுன்னு...

அட, அங்க பாருங்க. அதோ, ஸ்டாப்புல, கட்டம் போட்ட சட்டை. பின்னாடி வண்டிக் கதவு தொறந்திருக்குது. அவருதாங்க. நான் எந்த பஸ்ஸுல வர்றேன்னு எனக்கே தெரியாது. எத்தனை பஸ்ஸா நிக்கறாரோ. எப்படித் தெரிஞ்சுச்சு இவருக்கு?

இப்ப எறங்குவேன். வண்டி என்ன ஆச்சு மாமான்னு கேக்கமாட்டாருங்க. பையை வாங்கிக்குவாரு, வாங்க மாமாம்பாரு, அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டுட்டாருன்னா, நான் எல்லாத்தையும் சொல்லிருவேன். அவரு கேக்கமாட்டாரு தம்பி. இந்தத் தடவை நானேதான் வாயைத் தொறக்கோணும்.